யார் இந்த ராஜா

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பெயின்ட் கடைக்கு மேல்மாடி.
இரண்டு மேசை, ஒரு மடிகணினி,
மழை வந்தால் நகர்த்தவேண்டிய மூன்று கதிரைகள்.
பெயர்ப்பலகையில்: சிவில் சமூக மன்றம்.

எங்கள் பக்கம் சிவில் என்றால்
சீருடை போடாமல் வரும் பொலிஸ்.
"சிவில்ல ரெண்டு பேரு வந்திருக்காங்க"
லயத்தில் ஒரு குரல் போனால் போதும்,
கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம்
தண்ணீருக்குப் போகிறவர்கள் ஆகிவிடுவார்கள்.
அந்தச் சொல்லைத்தான் நாங்கள்
காசு கொடுத்து எழுதி வாங்கி மாட்டியிருக்கிறோம்.

அன்று எங்களுக்கு இரவு ஏழரை.
வாஷிங்டனில் காலை. பிரசல்ஸில் பிற்பகல்.
இரண்டு கரையும் சேர்ந்து ஒரு கேள்வியை உருட்டின:
இங்கிருந்து போன தூள்
ஹம்பேர்க்கில் பைக்குள் அடைந்து, நூல் கட்டிக்கொண்டு
அட்லாண்டிக் தாண்டினால்
அது எந்த நாட்டுத் தேயிலை?
எவ்வளவு வரி?
சிவில் சமூகமும் கருத்துச் சொல்லலாம்.
ஐந்து நிமிடம்.

இராசமனோகரி நோர்வூட்டிலிருந்து வந்தாள்,
மலையை விட்டு இறங்கிய கையோடு.
படங்கு கட்டியிருந்த இடத்தில் சேலை இன்னும் ஈரம்.
"எட்டே காலுக்குக் கடைசி பஸ்ஸுங்க."

எங்களுக்கு முன் பேசியவர்கள் நீட்டிக்கொண்டே போனார்கள்.
ஐந்து மூன்றாயிற்று.
மன்னிக்கவும், இரண்டு.
அவள் என் காதோரம் சொன்னாள்:
"ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு.
இங்கயும் கழிக்கிறாங்களா?"

பிறகு திரையைப் பார்த்தாள்.

"கொழுந்து எங்க பொறந்துச்சுன்னு
இத்தன பேரு உக்காந்து தேடுறீங்க. நல்லது.
பெட்டியோட பிறப்பிடச் சான்றிதழும் போகுதாம்.
எங்கப்பா இந்த மலையிலதான் பொறந்தாரு.
முப்பத்தெட்டு வயசு வரைக்கும்
எந்த நாடும் அவர எடுத்துக்கல.
இன்னைக்கும் எனக்குக் கடிதம் வந்தா
தொரை ஆபீஸுக்குத்தான் வரும்.
காம்பராவுக்கு இலக்கம் கெடையாது.
வரி கூடுனா எங்க தராசுலதான் கழியும்.
கொறஞ்சு எங்களுக்குக் கூடுனதா
எனக்கு ஞாபகமில்ல.
பதினெட்டுக் கிலோ எடுக்கலன்னா அரைப்பேரு..."

அதுவரை ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டே வந்த நான்
அரைப்பேரில் நின்றுவிட்டேன்.
நாட்கூலியில் பாதியைப் பிடிக்க
ஒரு மனுஷியின் பேரில் பாதியை வெட்டுவதை
எந்தச் சொல்லால் சொல்வது?
ஹாஃப் நேம் என்றேன்.
மணி அடித்தது. நன்றி என்றார்கள்.
ஒலியை அடைத்துவிட்டார்கள்.

பஸ் போய்விட்டிருந்தது.
ஓட்டோவுக்கு ஆயிரத்தைந்நூறு, வவுச்சர் எழுதினேன்.
அவளுடைய ஒரு நாள் பேரைவிட அது அதிகம்,
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது.
அறுபத்திரண்டு பக்கம்.
நாற்பத்தொன்றில், அடிக்குறிப்பில்:
எடை, முகவரி தொடர்பான கவலைகள் செவிமடுக்கப்பட்டன;
தெரிவித்தவர், மிஸ்டர் ராஜா.

வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"அரைப்பேருதான் போட்டிருக்காங்க.
அதுலயும் ஆம்பளைப் பேரு.
அவங்களுக்குத்தான் சம்பளம் கூட, இல்லீங்களா?"

அடுத்த கிழமை சிவிலில் ஒருவர் வந்தார்.
கட்டம்போட்ட சேர்ட், காலில் மட்டும் பொலிஸ் சப்பாத்து.
அட்லாண்டிக் உங்களுக்கு என்னத்துக்கு என்றார்.
காசு எங்கிருந்து வருகிறது என்றார்.
கையில் அதே அறிக்கை, அதே பக்கம்.
அடிக்குறிப்பில் விரலை வைத்தார்:
யார் இந்த ராஜா?

சந்தா ரசீதுகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த
இராசமனோகரி நிமிர்ந்தாள்.
"அப்படி யாரும் எங்க தோட்டத்துல இல்லீங்களே, சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.
இருமுறை அடிக்கோடிட்டார்.
மேற்கூரையில் முதல் துளி விழுந்தது.
கதிரையை நகர்த்த வேண்டும் என்றேன்;
அவரே எழுந்து
ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தார்.