சற்றுமுன்

மஞ்சக்குப்பத்து மாடியறையில்
நிரல் ஒரு வரியும் எழுதாமல்
பெட்டிக்குப் பெட்டி கோடிழுத்து இணைத்தேன்.
தலைப்பில் ‘ஆர்டர்’ என்று மின்னஞ்சல் வந்தால்
தளத்தின் மூலையில் அனுப்பியவர் பெயர் எழும்பும்.

முந்திரி நன்றாகவே போயிற்று.

செவ்வாய் இரவு, மழை.
புதுப்பாளையத்திலிருந்து,
அவள் முகவரியிலேயே அவள் கணவர்:
‘ஆர்டர் ரத்து. அமலோற்பவம் தவறிவிட்டாள்.
பணம் திருப்ப வேண்டாம்.’

நான் படித்து முடிப்பதற்குள்
பச்சைப் புள்ளியோடு எழுந்துவிட்டாள்:
‘அமலோற்பவம், கடலூர்,
சற்றுமுன் அரைக் கிலோ வாங்கினார்.’

அதைப் பார்த்து மூன்று பேர் வாங்கினார்கள்.

இணைப்பை நிறுத்தப் போனேன்.
இன்னொரு பெட்டி சேர்க்கலாமே என்றது.
‘இல்லையெனில்’ என்று அதற்குப் பெயர்.
உள்ளே என்ன எழுத?

அரைக் கிலோவைக் கட்டிக்கொண்டு
ஸ்கூட்டரை எடுத்தேன்.
மழை விட்டபாடில்லை.