மாவு டப்பாவில் கத்தரி

ஸ்ட்ரூவன்,
செடி வெட்டும் கத்தரியைத் தேடி
நவம்பர் ஞாயிறு ஒன்றில் நீ கொட்டகையைத் தலைகீழாக்கினாயே,
அது மாவு டப்பாவுக்குள் இருந்தது.
ஒளித்தவள் நான்தான்.

காய்ந்த குச்சியைக் கண்டால் உனக்குக் கை அரிக்கும்.
அதற்கு முந்தைய வருடம் மூன்று ஃபியூஷியாக்கள்,
அக்டோபர் வரை ஜிமிக்கி ஜிமிக்கியாய்த் தொங்கியவை.
தரையோடு மழித்துவிட்டு
எண்ணெய் மேடைக்கு ஹெலிகாப்டர் ஏறினாய்.
வெட்டுவாய்களில் நீர் இறங்கி, உறைந்து,
தூர் பிளந்தது.
மிஞ்சிய ஒன்றுதான் இது.

இந்த முறை குச்சிகள் குச்சிகளாகவே நின்றன.
தூரை நாலு விரல் ஆழமாகவே நட்டிருந்தேன்.
மேலே, குன்றிலிருந்து மூன்று சாக்குப் பெரணி.
அது பறக்காமலிருக்க உன் அப்பாவின் கிழிந்த மீன்வலை.
பக்கத்து வீட்டு ஐனா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து
"யாரைப் புதைத்திருக்கிறாய்?" என்றாள்.

ஜனவரி. ஹன்ட்லியில் மைனஸ் பதினாறு.
பனி பெய்திருந்தால் போர்வையாகியிருக்கும்.
பெய்யவில்லை.
தோட்டத்துக் குழாய் வெடித்தது.
இரவு இரண்டு மணிக்கு உன் கம்பளிக் கோட்டை
மாட்டிக்கொண்டு போனேன்,
மாட்டிக்கொள்ளாமல் திரும்பினேன்.
(அதைத் திருடியவன் என்று
நீ சந்தேகப்படும் ஆளிடம் மன்னிப்புக் கேள்.)

ஏப்ரலில் ஊரெல்லாம் டாஃபடில் மஞ்சள்.
நீ விடுப்பில் வந்து நகத்தால் பட்டையைச் சுரண்டினாய்.
பழுப்பு.
இன்னும் கீழே, பழுப்பு.
"செத்துப்போச்சு, ரோனா."
மே மாதமும் அதையே சொன்னாய்,
இம்முறை மண்வெட்டியோடு.
ஜூன் இருபது வரை பொறு என்றேன்.
எதை வைத்துச் சொல்கிறாய் என்றாய்.
எதையும் வைத்தல்ல.
டாக்டர்கள் குறித்த தேதிகளெல்லாம் பொய்த்த வீட்டில்
ஒரு தேதியை நான் குறிக்கக் கூடாதா?

இன்று பதினொன்று.
மட்கிய பெரணியை விலக்கிப் பார்த்தேன்.
குச்சிகளில் ஒன்றுமே இல்லை.
நீ சொன்னது சரி, அவை செத்தவைதான்.
ஒரு சாண் தள்ளி, மண்ணுக்குள்ளிருந்து,
தீக்குச்சித் தலைகள் போல ஐந்து சிவப்பு.
இல்லை, ஆறு.
ஒன்றை நத்தை கடித்திருக்கிறது.

மாலையில் உன் அழைப்பு.
காற்று, இயந்திரங்களின் இரைச்சல்,
அதற்கு நடுவில் வழக்கமான கேள்வி:
"ஏதாவது விசேஷமா?"

"ஒன்றுமில்லை" என்றேன்,
கத்தரியின் வில்லில் ஒட்டிய மாவைத்
துடைத்துக்கொண்டே.