குறிப்பு என்னும் கட்டம்

தொகாஷி யசுஜி, வயது அறுபத்தொன்று.
தொப்பியைக் கழற்றி
மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்,
யாரும் அதில் எதையும் போட்டுவிடக் கூடாது என்பதுபோல.

குஷிரோ துறைமுகத்தில் முப்பது வருடம்
மீன் குடல் உருவிய கை.
பேனா இப்போது அதில் நிற்காது.
நான் கேட்டேன், நானே எழுதினேன்.
அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வங்கியில்: இரண்டாயிரத்து நூற்று நாற்பது யென்.
கார்: இல்லை.
காப்பீடு: 'போன வருடம் உடைத்துத் தின்றுவிட்டேன்.'
அப்படி எழுத முடியாது.
'ரத்து' என்று எழுதினேன்.

உடன்பிறந்தவர்கள் உண்டா?

தொப்பி ஒருமுறை சுற்றியது.
தங்கை ஒருத்தி. தொயாமாவில்.
பேச்சு நின்று ஒன்பது வருடம் நான்கு மாதம்.

பத்து வருடம் பேச்சில்லை என்றால்
கடிதம் போட வேண்டியதில்லை
என்கிறது சுற்றறிக்கை.
அவருடைய பகை முதிர
இன்னும் எட்டு மாதம் இருந்தது.
பத்து என்று சொல்லியிருக்கலாம்.
பொய் வராத மனிதர்,
அல்லது
ஒவ்வொரு மாதத்தையும் எண்ணிக்கொண்டே இருந்தவர்.

'அவளுக்கு எழுதுவீர்களா?'
விதி, என்றேன்.
எங்கள் அலுவலகத்தில் விதி என்றால்
பிரிவு எண்ணோடு வருவது. வேறு பொருள் இல்லை.

எழுந்துவிட்டார்.
'அப்படியென்றால் வேண்டாம்.
பனிக்காலம் எப்படியாவது போகும்.'

பலரும் இந்த இடத்தில்தான் எழுந்து போகிறார்கள்.
பசிக்கு வளையாத கழுத்து
ஒரு தபால்தலைக்கு வளைகிறது.
பதில் வந்தாலும் வராவிட்டாலும்
உதவி நிற்காது, உட்காருங்கள் என்று
மூன்று முறை சொன்னேன்.
மூன்று முறையும் தலையாட்டினார்.
நின்றுகொண்டே.
கடைசியில் நாற்காலியைத் தட்டிக் காட்டினேன்,
உட்கார்ந்தார்.

கடிதம் அச்சிட்டது. பெயர் மட்டும் நாங்கள் நிரப்புவோம்.
'உங்கள் அண்ணனுக்குப் பணமாகவோ
வேறு வகையிலோ உதவ இயலுமா?'
இயலும். ஓரளவு இயலும். இயலாது.
ஏதேனும் ஒன்றில் குறியிடவும்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது.
இயலாது.
காரணம்: கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
நான் இரவு ஷிஃப்டில் சாப்பாட்டுப் பெட்டி அடுக்குகிறேன்.
அதன் கீழே,
குறிப்பு என்னும் கட்டத்தில்,
எவரும் எழுதாத அந்தக் கட்டத்தில்,
வலப்பக்கம் சாய்ந்த சிறு எழுத்துகள்:

'அண்ணனுக்கு இடது காது மட்டும்தான் கேட்கும்.
வலப்பக்கம் உட்கார்ந்து பேசினால்
தலையாட்டுவான்.
கேட்டிருக்காது.'

என் நாற்காலி
கணினி அங்கே இருப்பதால்
வருகிறவர்களின் வலப்பக்கம்.
ஆறு வருடமாக அங்கேதான்.

கோப்பில் பதிந்தேன்:
உறவினர் ஆதரவு, இல்லை.
முத்திரை குத்தினேன். அது பொய்யில்லை.
தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்கள்;
ஆடிய தசையைக் குறிக்க
படிவத்தில் இடமில்லை.

டிசம்பரில் வீடு பார்க்கப் போனேன்.
ஒற்றை அறை. ஜன்னலில் உள்பக்கமும் பனி.
குளிர்காலக் கூடுதல் தொகையில் வாங்கிய
மண்ணெண்ணெய் ஹீட்டர்
படகு எஞ்சின்போல் இரைந்தது.
அவர் காட்டிய மெத்தையை எடுத்து
இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு அந்த மெத்தையை.

'பதில் வந்துவிட்டதா?'
வந்தது.
'முடியாது என்றிருப்பாள்.'
ஆமாம்.

எழுந்து போய் ஹீட்டரை அணைத்தார்.
அறை சட்டென்று பெரிதானது.
குளிர் திரும்பி வருவதற்குள் கேட்டார்:
'எழுத்து இன்னும் சாய்வாகத்தான் இருக்கிறதா?'