கழிவு

காலை அஞ்சரை. காசல்ரீ மேல் பனி கிடக்கிறது.
படகோட்டி, வழிகாட்டி, தேத்தண்ணி ஊற்றுகிறவன்
மூன்றும் நான்தான்.
என் பேர் மரியசூசை. வந்தவர் அதை மரியோ ஆக்கிக்கொண்டார்.
அவர் பேர் டெரெல். லூசியானாவாம்.
அங்கே அவரும் என் தொழில்தான்.
ஊரில் படகின் பின்பக்கம் நிற்கிற மனுசன்
இங்கே முன்பலகையில் உட்கார்ந்து
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார்.

போனில் படம் காட்டினார்.
செம்பு நிறத்தில் ஒரு மீன். வாலடியில் கறுப்புப் புள்ளி.
வாக்குப் போட்டுவிட்டு வந்த விரல் மாதிரி.
இன்னொன்று உடம்பெல்லாம் பொட்டு. ட்ரவுட் என்றார்.
ஹோர்ட்டன் சமவெளி ஓடையிலும் உண்டே என்றேன்.
அது வேறு இது வேறு, பேர் மட்டும்தான் ஒன்று என்றார்.
தமிழர் என்ற ஒரே பேருக்குள்
இரண்டு கட்டமாக எழுதப்பட்டவன் நான்.
சரி என்று தலையாட்டினேன்.

இந்தத் தண்ணீர் உப்பா?
இல்லை.
என்னிடம் இருக்கிற உப்பு அட்டைக்கு.
சாரத்தில் முடிந்திருக்கிறேன். கரையிறங்கினால் தேவைப்படும்.

அவர் ஊரில் பாதி கடல், பாதி ஆறு,
நடுவே முழங்கால் ஆழத்தில் புல்.
மீன் தலைகீழாய் நண்டு தேடும்போது
வால் மட்டும் வெளியே ஆடுமாம்.
எப்படி ஆடும் என்று உள்ளங்கையால் செய்து காட்டினார்.
நான் துடுப்பால் அவர் முழங்கையைத் தட்டினேன்.

போன வாரத்து மழையில் முழுகிய புல்லில்,
கரையிலிருந்து இரண்டு பாகம் தள்ளி,
ஒரு வால்.

அவர் கையும் அது போலவே நின்றுவிட்டது.

முதலில் ரப்பர் மீனை எறிந்தார். கெண்டை மதிக்கவில்லை.
ஜெசிந்தா கட்டிக்கொடுத்த ரொட்டியில்
வேகாத நடுவைப் பிய்த்து உருட்டிக் கொடுத்தேன்.
வெட்கப்பட்டுத்தான் கோர்த்தார்.

கால் மணி நேரம் பேச்சில்லை.

பிறகு பையிலிருந்து ஒரு தராசு எடுத்தார்.
கொக்கி வைத்த, உள்ளங்கை அளவுத் தராசு.
வலைப்பையைத் தண்ணீரில் நனைத்தார்.
வெறும் ஈரப்பையைத் தூக்கி, பொத்தானை அழுத்திப் பூச்சியமாக்கினார்.
அப்புறம்தான் மீன்.
நாலு கிலோ நூற்றி இருபது.
என் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டு
அதைத் தண்ணீரில் விட்டார்.

விடுகிற மீனுக்கு எதற்கு இவ்வளவு கணக்கு?

கையைவிட்டுப் போகிறதுக்குத்தான்
கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்றார்.

எதிர்ச்சரிவில் கொழுந்து நிறுக்க விசில் ஊதியது.
அங்கே ஜெசிந்தா நிற்பாள்.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு இரண்டு,
வெயில் காய்ந்தாலும் தண்ணிக்கு இரண்டு.
நான் அதைச் சொன்னேனா, அவராகக் கேட்டாரா,
இப்போது நினைவில்லை.
போகும்போது காசோடு தராசையும் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவள் அதை
மதியச் சோற்றுச் சட்டிக்குள் கொண்டுபோனாள்.
புதர் மறைவில்
முதலில் வெறும் சாக்கு. எழுநூறு கிராம்.
பொத்தானை அழுத்தினாள்.
மூன்று நிறுவைக்கும் அப்படியே செய்தாள்.
இரவு கொப்பியை வாங்கி, கெண்டைக்குக் கீழே எழுதினாள்:

கொழுந்து. பத்தொன்பது நானூறு.
போட்டது பதினாறு. அரைப்பேர்.

எழுதிவிட்டு வெகுநேரம்
எழுதாத பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
எண்ணுகிறாள் போல.

செவ்வாய் விடிய, தண்ணிப் பீலியடியில்
மடித்த சாக்கோடு ஏழு பேர் நின்றார்கள்.
என்னைப் பார்த்ததும் பேச்சு மாறியது,
எனக்கும் அதில் வேலை இருக்கவில்லை.

நோர்வூட் போனால் அந்தத் தராசுக்குப்
பாட்டரி ரெண்டு வாங்கிவரச் சொன்னாள்.

நாலு வாங்கினேன்.