விலை ஒட்டுகிறவள்

கடை பூட்டிய பிறகுதான் என் வேலை தொடங்கும்.
சிவபாதம் அண்ணை கொழும்போடு போனில் கதைத்து முடித்து
சிகரெட் பெட்டியின் உட்தாளில்
புது விலைகளை எழுதித் தருவார்.
நான் ஒட்டுவேன்.
பழசை உரிக்க நேரமில்லை,
அதன்மேல் இது, இதன்மேல் நாளைக்கு வேறு.
பால்மாப் பெட்டிகள்
மூன்று நான்கு சட்டை போட்டு நிற்கின்றன,
காய்ச்சல்காரப் பிள்ளைகள் மாதிரி.

மெழுகுதிரி வெளிச்சம்.
ஆறரையிலிருந்து ஒன்பதுவரை எங்கள் பகுதிக்கு இருட்டு.
வெளியே மல்லாவிச் சந்தியில்
மோட்டார்சைக்கிள்கள் மட்டும் பெற்றோலுக்கு வரிசையில்,
ஒவ்வொரு சீற்றிலும்
ஆளுக்குப் பதில் ஒரு கல்.

பகலில் நகத்தால் சுரண்டுவார்கள்.
"இஞ்ச பார் பிள்ளை, அடியில நானூற்றி எண்பது கிடக்கு.
நீங்கள் வாங்கினது அந்த விலைக்குத்தானே?"
நியாயமான கேள்வி.
நியாயத்துக்கு நான் சம்பளம் வாங்கவில்லை.
நாளுக்கு ஆயிரம். மத்தியானச் சோறு என்னுடையது.

கல்லாவில் நின்றால் ஊரின் அடுப்பு தெரியும்.
பாலிநகர் மாஸ்டர் தேயிலையை
ஐம்பது கிராமுக்கு இறக்கிவிட்டார்.
மரியதாஸ் உரமூட்டையின் விலையை மட்டும் கேட்டார்,
கொஞ்சநேரம் பேசாமல் நின்றார்,
ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு போனார்.
அன்றிரவு எனக்கு நித்திரையில்லை.
மறுநாள் அதே முகத்தோடு பீடிக்கு வந்தார்.
அப்பாடா.

றேடியோவில் ஒருவர் சிக்கனம் பற்றிச் சொன்னார்.
நல்ல குரல், சாப்பிட்ட குரல்.
தாளை நடுவில் மடியுங்கள்,
இந்தப் பக்கம் தேவை, அந்தப் பக்கம் ஆசை.
மடித்தேன்.
அரிசி, உப்பு, மண்ணெண்ணெய்,
வியாழக்கிழமை வருகிற லோன்காரத் தம்பி,
மகளின் கணக்கு ரியூசன்,
எல்லாம் இந்தப் பக்கம்.
அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் வரவில்லை.
யோசித்து யோசித்து ஷாம்பூ என்று எழுதினேன்.
பிறகு அவளுக்குப் பதினாறு வயது என்பது ஞாபகம் வந்து
அதையும் இந்தப் பக்கம் தூக்கி வைத்தேன்.
ஒரு நல்ல தாள் வீணாய்ப் போனது.

பொய் சொல்லக்கூடாது.
சித்திரையில் முறிகண்டிக்குப் போனபோது
நூறு ரூபாவுக்குக் கச்சான் வாங்கினேன்.
ஒருத்தருக்கும் கொடுக்காமல்
பஸ்சிலிருந்தே தின்று
கோதை யன்னலால் எறிந்தேன்.
கொப்பியில் அது "பஸ் காசு" என்று இருக்கிறது.

இப்படியொரு காலம் கண்டதில்லை என்கிறார்கள்.
சாமான் இறக்க வந்த லொறிக்காரப் பையனும்
உடைந்த தமிழில் அதையே சொன்னான்.
நான் தலையாட்டினேன்.

மாத்தளனில் ஒரு பால்மாப் பெட்டிக்கு
இரண்டு தோட்டையும் கழற்றிக் கொடுத்தேன்.
பிள்ளைக்கு அப்போது மூன்று வயது.
அந்தப் பெட்டியில் விலை ஒட்டியிருக்கவில்லை.
விற்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
நான்தான் பார்த்தேன்.
இப்போது மாதத்தில் ஒருநாள் எங்கள் கடைக்கு வருகிறார்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிச் சுரண்டுகிறவர்களில்
அவரும் ஒருவர்.
அநியாயம் பிள்ளை, அநியாயம் என்பார்.
மிச்சக் காசை இரண்டுதரம் எண்ணிக் கொடுப்பேன்.

வீட்டுக்கு வர ஒன்பதே கால்.
கரண்ட் வந்திருந்தது.
"அம்மா, கையைக் காட்டுங்கோ" என்றாள் துளசிகா.
முழங்கைக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர்,
எப்போது ஒட்டியதோ.
"ஆயிரத்து நூற்றி அறுபது" என்று வாசித்துச் சிரித்தாள்.
"பரவாயில்லை, உங்களுக்கும் ஏறியிருக்கு."

பிறகு நகத்தால் அதை மெல்லத் தூக்கி
அடியில் வேறு ஏதும் கிடக்கிறதா என்று
பார்த்தாள்.