பதினேழு அடி

அட்டிகோகனில் பனி உருகி மூன்று வாரம்.
ஹெல்வியின் கடைக்குப் பின்னால்
சரளைக்கல் முற்றத்தில்
கனூக்கள் கவிழ்ந்து கிடக்கின்றன,
பந்தி முடிந்து கழுவி வைத்த பாத்திரங்கள் மாதிரி.

வெர்ன் கெவ்லாரைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.
பத்தொன்பது கிலோ.
சுண்டுவிரலால் தூக்கலாம் என்கிறான்,
தூக்கியும் காட்டுகிறான்,
மற்ற நான்கு விரலையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு.
வெயிலில் தேன் நிறம்.
தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறதென்று
உள்ளிருந்தே தெரியுமாம்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
காரை விற்றால் வாங்கலாம்.
வாங்கிய பிறகு எதன்மேல் கட்டிக்கொண்டு போவது?

அலுமினியம் வேண்டாம் என்பதில் மட்டும்
இருவருக்கும் ஒரே வாய்.
போன வருடம் இரவல் வாங்கிய ஒன்றில்
ஒவ்வொரு பாறையும்
ஏரி முழுக்க எங்களைப் பற்றிக் கோள் சொன்னது.

சிடார் மரத்தில் கான்வாஸ் போர்த்தியது ஒன்று, பச்சை.
கை வைத்ததும் குரல் தானாகத் தாழ்கிறது.
"பூச்சு பூசப் பூச எடை கூடும்" என்றாள் ஹெல்வி.
எங்களைப் போலத்தான் என்றேன்.
வெர்ன் சிரிக்கவில்லை.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே
கனூவைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றி
நடக்கிற பாதைகள் உண்டு.
போன செப்டம்பரில்
என் தோள்பட்டையில் இரண்டு திருகாணி போட்டார்கள்.
அன்றிலிருந்து உலகத்தின் எடையெல்லாம்
எனக்காகக் குறைய வேண்டும் அவனுக்கு.
நான் கேட்காத கருணை
கிராம் கிராமாக என் கணக்கில் ஏறுகிறது.

"கெவ்லார் பாறையில் உரசினால்?"
"உரசாமல் ஓட்டுவேன்."
"கரையில்?"
"கரைக்கு முன்பே தண்ணீரில் இறங்கிவிடலாம்."
"மே மாதத் தண்ணீரிலா?"
அவன் பிசின் என்றான், நெசவு என்றான்,
நான் மளிகைக்கடை பாக்கி என்றேன்.

ஹெல்வி தெர்மாஸ் மூடியில் காப்பி ஊற்றியபடி கேட்டாள்:
"பின்னால் யார்?"

பதினோரு வருடம்.
பின்னால் அவன், திருப்புகிறவன்.
அணியத்தில் நான்:
பாறை, பாறை என்று கத்துகிறவள்,
காற்றை முதலில் வாங்குகிறவள்.
என் முதுகு அவனுக்கு மனப்பாடம்.
எனக்குப் பின்னால் அவன் என்ன செய்கிறான் என்பது
தண்ணீர் சொல்லித்தான் தெரியும்.

"நான்" என்றான் வெர்ன்.
"நான்" என்று என் வாயும் சொல்லியிருந்தது.

ஹெல்வி ஒன்றும் சொல்லவில்லை.
கோடியில் வெளுத்துக் கிடந்த ஒரு சிவப்பைக்
காலால் தட்டினாள்.
ராயலெக்ஸ். நடுவில் நுரை வைத்த பிளாஸ்டிக்.
இப்போது யாரும் செய்வதில்லை.
நசுங்கினால் வெயிலில் போடு, தானே நிமிரும்.
யாரோ இருபது வருடம் இழுத்த கீறல்கள்,
ஒன்றின்மேல் இன்னொன்று.
"முன்னிருக்கை சறுக்கும்" என்றாள்.
"கனமான ஆள் முன்னால் உட்கார்ந்தால்
பின்னால் தள்ளிக்கொள்ளலாம், மூக்கு அமுங்காது."
என் தோளைப் பார்த்தாள்.
"திருப்புவதற்கு மணிக்கட்டு போதும்."

கடைக்குக் கீழேயே ஏரி.
கரையோரம் இன்னும் பனிக்கட்டிச் சில்லுகள்.
வெர்ன் முன்னால் ஏறினான்,
யாரோ வீட்டுச் சோபாவில் உட்கார்வது போல.
அவனுக்கு முன்னால் யாருமே இல்லை.
நாலைந்து துடுப்புக்கு ஒரு தடவை
திரும்பிப் பார்க்கத் தலை அசையும்,
பாதியில் நிற்கும்.
வாய்க்குள் எண்ணுகிறான். காது மடல் ஆடியது.
பதினோரு வருடமாக எண்ணிக்கொண்டுதான் இருந்தானா?

"பாறை" என்றான்.
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.
அது எவ்வளவு முக்கியமென்று
அவனுக்கு எப்படித் தெரியும்?

பழைய கீறல்களுக்கு நடுவே
புதிதாக ஒன்று, ஒரு முழ நீளம்.
ஹெல்வி கரையிலிருந்தே சொன்னாள்:
"இனிமேல் அது உங்களுடையது."

நெடுஞ்சாலையில் கார்க்கூரைமேல் முன்கயிறு
ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வருகிறது.
ஒவ்வொரு வளைவிலும் அந்த இருக்கை
முன்னே சறுக்கி இடிக்கிறது, பின்னே சறுக்கி இடிக்கிறது.
முப்பத்தொரு கிலோ.
யார் சுமப்பது என்று
இன்னும் பேச்செடுக்கவில்லை.