அட்டவணை ஆ

அப்புக்காத்தர் கோட்டுக்குப் போய்விட்டார்.
நனைந்த குடையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு
ஜெயசீலி அக்கா என்னைத்தான் கேட்கிறா.
அவரைக் கேட்கப் பயமாம்.

"பேப்பரில போடுவினமோ, தம்பி?"
வர்த்தமானியில போடுவினம், அக்கா.
"அதைப் பாசையூரில ஆர் படிக்கிறது?"
ஒருத்தரும் படிக்கிறேல்லை.
"அப்ப சரி."
கொஞ்சம் பொறுத்து,
"விதானையார் படிப்பாரோ?"

"மறியலில போடுவினமோ?"
கடன்பட்டதுக்கு இல்லை அக்கா, மறைச்சால்தான் பிழை.
உள்ளதை உள்ளபடி எழுதினால்...
வசனத்தை நான் முடிக்கவில்லை.
நான் சட்டம் படித்தவன் அல்ல, தட்டச்சுப் படித்தவன்.
சட்டம் எனக்கு விரல் நுனியளவுதான்,
அதுவும் எழுத்துப்பிழை பார்க்க.

"தாலிக்கொடியை எடுப்பினமோ?"
இப்ப எங்கை கிடக்குது?
"அடைவில."
பிறகென்ன.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.
அவவுக்கு முதலில் நின்றது.

"நண்டுத் தராசு?"
தொழில் சாமான், ஐயாவைக் கேட்கவேணும்.
"ஐஸ் பெட்டி?"
அதையும்.
"மூத்தவனைப் பிடிப்பினமோ? பிரான்சில நிக்கிறான்,
இன்னும் விசாவும் இல்லை."
அவன் எங்கையாவது கையெழுத்து வைச்சவனோ?
"இல்லை."
அப்ப அவனைக் கேட்கேலாது.
"கேட்கேலாது," என்று தனக்குள் ஒருக்கால் சொல்லிப் பார்த்தா,
தொண்டையில் நின்ற முள்ளு
சோற்றுருண்டையோடு இறங்கினதுபோல.

"எல்லாம் முடியக்குள்ள என்ன தருவினம்?"
ஒரு பத்திரம்.
அதில் வகுப்பு இருக்காம், வெள்ளைக்காரன் காலத்து வழக்கம்:
தன்னை மீறி வந்த நட்டம் என்றால் முதலாம் வகுப்பு,
பாதி தன் பிழை என்றால் இரண்டாம்,
முழுக்கத் தன் பிழை என்றால் மூன்றாம்.

அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவ.
யோசித்தா. வெளியில் ஓட்டோ ஒன்று
சேறடித்துக்கொண்டு போனது.
"எனக்கு ரெண்டு போதும்.
கொம்பனி பூட்டினது என்ர பிழையில்லை.
பூட்டப்போறாங்கள் எண்டு மணந்த பிறகும்
மூண்டு மாசம் நண்டு குடுத்தது
என்ர பிழை."

அட்டவணை அ, கொடுக்கவேண்டியவை.
அது சுறுக்காய் முடிந்தது.
லீசிங், கிழமைக்கடன் இரண்டு, சீட்டு,
ஐஸ்காரன், மீசாலையில் மச்சாளின் காப்பு நாலு.
கடன் கொடுத்தவனுக்கு ஒரு கொப்பி என்றால்
பட்டவளுக்கு நெஞ்செல்லாம் கொப்பி;
பாராமலே சொன்னா, சதத்தோடு.

அட்டவணை ஆ, வரவேண்டியவை.
கொம்பனி, எட்டு இலட்சத்து நாற்பதினாயிரம்.
அருளப்பு, வலை வாங்க முற்பணம், அறுபதினாயிரம்.
மரியாம்பிள்ளையின் மருமகன், இயந்திரம் திருத்த.
பிறகு வள்ளம் வள்ளமாய்ப் பதினாறு பேர் வரை வந்து
"டொமினிக்கு" என்று நிறுத்தினா.
"அவன் கடலோட போயிட்டான்.
செத்தவன் தரவேண்டியதும் என்ர சொத்தோ, தம்பி?"
தெரியாது, அக்கா.
பதினேழுக்கு நேரே இடம் விட்டேன்.

"அவ்வளவுதான்."
கொப்பியை மூடினா.
கடைசிப் பக்கத்தில் வைத்த விரலை மட்டும்
எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.
போன உயிர்த்த ஞாயிறு இல்லை, அதுக்கு முதல் வருசம்,
கொழும்பில் இருந்து பெண் வீட்டார் வந்த அன்று,
இரண்டு கிலோ, நல்ல தசை நண்டு.
"ஆறுதலாத் தாங்கோ," என்றா.
ஆறுதலாய்த்தான் இருந்தேன்:
கடற்கரை வீதியை விட்டு
ஆஸ்பத்திரி வீதியால் சைக்கிள் ஓடினேன்,
இரண்டு வருசம்.

பதினெட்டு. என் பெயர். விலாசம்.
மூவாயிரத்து இருநூறு ரூபா.

திரையை எட்டிப் பார்த்தா.
"ஐயோ, அதை அழியுங்கோ. உங்கட பேர் கோட்டிலயோ?"
மறைச்சால் பிழை, அக்கா.

அச்சு இயந்திரம் சூடாக நேரமெடுத்தது.
குடையை எடுத்து, விரிக்காமல், உதறாமல்
மடியில் வைத்துக்கொண்டு
எங்கேயோ பார்த்தபடி,

"மூவாயிரத்து அறுநூறு," என்றா மெல்ல.
"மேலால ஒரு சிலுவை நண்டும் போட்டனான்."

திருத்தினேன்.